முடிவேற்பு நாள்

அஸ்ஃபியாவுக்கு வந்த மின்னஞ்சல் ‘வாழ்த்துகள்’ என்று தொடங்கியது. அவளுடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண் வெளியாகிவிட்டதாம். வாழ்த்து அதற்கு மட்டும்தான் என்று புரிந்துகொள்ள அவள் நான்கு பத்திகள் படிக்க வேண்டியிருந்தது. மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்தேழு. எம்.பி.ஏ. வகுப்பில் இடம் கிடைக்க அறுபது வேண்டும். ஆனால் கடிதத்தில் ‘தோல்வி’ என்ற சொல் எங்கும் இல்லை. செரி புன்சாக் வணிகப் பள்ளியில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. “தாங்கள் ‘இன்னும் சேராதவர்’ என்ற நிலையை எட்டியுள்ளீர்கள்” என்று எழுதியிருந்தார்கள்.

மதிய உணவு நேரம். கமுந்திங் தொழிற்பேட்டையில், கையுறைத் தொழிற்சாலையின் உணவகத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். அந்த மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் புதுக் கார் ஒன்றின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிவப்பு நன்றாக இருக்கும் என்றாள்.

ஒன்பது வருடங்களாக அவள் அங்கே ஏற்றுமதிப் பிரிவில் இருந்தாள். எந்தப் பெட்டி எந்த லோரியில் ஏறி எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான தாள்களைத் தயாரிப்பது அவள் வேலை. மார்ச் மாதம் பிரிவின் மேனேஜர் வேலையை விட்டுப் போனார்; அவர் பார்த்த வேலைகளும் அவள் தலையில் விழுந்தன. பொது மேலாளர் மகேந்திரன் அவளை அழைத்தார்.

“எல்லாத்தையும் நீதான் பாக்குறன்னு எனக்குத் தெரியும் லா. ஆனா மேனேஜர் சீட்டுக்கு எம்.பி.ஏ. வேணும்னு மேலிடத்துல சொல்றாங்க. படிச்சு முடிக்கக்கூட வேணாம். சேந்துட்டேன்னு ஒரு லெட்டர் கொண்டா, போதும்.”

அந்த நாற்காலிக்கு இன்னொருத்தியும் இருந்தாள். போன வருடம் சேர்ந்த யாழினி. செரி புன்சாக்கிலேயே எம்.பி.ஏ. முடித்தவள். நல்ல பெண்தான். இருபதடிப் பெட்டிக்கும் நாற்பதடிப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று வாரத்துக்கு ஒருமுறை அஸ்ஃபியாவிடம் வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

தேர்வு எழுதியதை அஸ்ஃபியா யாரிடமும் சொல்லவில்லை. அம்மா குல்ஜார் பேகம், தெலுக் இந்தானில் உணவகம் நடத்தும் அண்ணன் நஜ்முதீனோடு இருந்தார். முப்பத்துமூன்று வயதில் படிக்கப் போகிறேன் என்றால் அங்கே பேச்சு படிப்பில் தொடங்கி வேறு எங்கோ போய் முடியும். இப்போது தேறவில்லை என்று சொல்வதானால், எழுதினேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூட வாடகைக்கு இருந்த ஷப்னம் ஜனவரியில் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அஸ்ஃபியா சமைக்கும்போது தொலைக்காட்சியைப் போட்டு வைப்பாள். எந்த மொழிச் செய்தி ஓடுகிறது என்று கவனிக்க மாட்டாள்.

கடிதத்தின் கடைசியில் ஓர் அழைப்பு இருந்தது. இன்னும் சேராதவர்கள் அனைவரும் சனிக்கிழமை நடக்கும் ‘முடிவேற்பு நாளில்’ கலந்துகொண்டு, அடுத்து என்ன செய்வது என்பதைப் பள்ளியின் துணையோடு தீர்மானிக்க வேண்டும். கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி: ‘தனியாக முடிவெடுக்காதீர்கள்.’

அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். அதனால்தான் போனாள்.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கிப் பள்ளியைக் கட்டியிருந்தார்கள். மரங்களை வெட்டிவிட்டு, கட்டடங்களுக்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்ட கூடம் இப்போது ‘சிந்தனை அரங்கம்’. அந்தக் காலத்தில் விடியும்முன் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்ட பிரட்டுக்களம் இப்போது ‘தலைமைத்துவச் சதுக்கம்’. அங்கே காலை எட்டு மணிக்குப் பேர் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் முடிவேற்புப் பிரிவின் இயக்குநர் விமலா. நீலக் கோட்டு போட்டிருந்தார். கையில் அறுபத்துநான்கு பேர் கொண்ட பட்டியல். சதுக்கத்தில் அஸ்ஃபியா ஒருத்திதான் நின்றாள்.

“வணக்கம் தலைவர்களே! எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க” என்றார் விமலா ஒலிபெருக்கியில்.

அஸ்ஃபியா ஓரடி முன்னால் வந்தாள்.

விமலா முதல் பெயரைப் படித்தார். பத்து விநாடி காத்திருந்தார். ‘வரவில்லை’ என்று குறித்துக்கொண்டார். இரண்டாவது பெயரைப் படித்தார். ஒன்பதாவது அஸ்ஃபியாவின் பெயர். “இருக்கேன்” என்றாள். தன் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. மீதி ஐம்பத்தைந்து பெயர்களும் வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

“மேடம், மத்தவங்க யாரும் வரலைன்னு தெரியுதே” என்றாள் நடுவில்.

“தெரியறது வேற, பதிவாகறது வேற” என்றார் விமலா. பட்டியலைத் தொடர்ந்தார்.

கடைசிப் பெயர் முடிந்ததும் பின்னால் யாரோ செருமும் சத்தம் கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தேய்த்த வெள்ளைச் சட்டையில் நின்றார். சட்டையில் ‘மூத்த ஆர்வலர்’ என்ற அட்டை.

“இவர் மிஸ்டர் காசிவிஸ்வநாதன்” என்றார் விமலா. “ஆறு வருஷமா நம்மகூட இருக்கார். பதினோரு தடவை தேர்வு எழுதியிருக்கார். எங்க சொத்து.”

“பசியாறியாச்சாம்மா?” என்றார் காசிவிஸ்வநாதன் தாழ்ந்த குரலில். “உள்ள கறிபாப் இருக்கு. அறுபத்துநாலு பேருக்கும் வாங்கி வச்சிட்டாங்க.”

முதல் நிகழ்ச்சி அறிமுக விளையாட்டு. ஒரு பந்தைக் கொடுத்தார்கள். தன்னுடைய பலம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பந்தை அடுத்தவரிடம் எறிய வேண்டும். அஸ்ஃபியா, “நான் எதையும் மறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பந்தோடு நின்றாள். விமலாவைப் பார்த்தாள்.

“நான் நடத்துநர். நான் பிடிக்கக் கூடாது.”

காசிவிஸ்வநாதனைப் பார்த்தாள்.

“அவர் பார்வையாளர்.”

அஸ்ஃபியா பந்தை மேலே எறிந்து தானே பிடித்தாள். ‘தொடர்பு வலையமைப்பு பலவீனம்’ என்று விமலா எழுதிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்து குழு விவாதம். வட்டமாக எட்டு நாற்காலிகள். மதிப்பிட இரண்டு விரிவுரையாளர்கள். தலைப்பு: ‘ஒரு நிறுவனம் சரிந்தால் முதலில் யாரைக் குறை சொல்வது?’ அஸ்ஃபியா உண்மையாகவே யோசித்துப் பேசினாள். லோரி தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் லோரிக்காரர் இல்லை, உத்தரவு போட்டவர் நேரத்துக்குக் கையெழுத்து வைக்காததுதான் என்று ஒன்பது வருட அனுபவத்திலிருந்து சொன்னாள். மூன்று நிமிடத்தில் ஒரு விரிவுரையாளர் கை காட்டினார்.

“மற்றவங்களுக்கும் வாய்ப்புக் கொடுங்க.”

அவள் நிறுத்தினாள். ஏழு காலி நாற்காலிகளும் தங்கள் வாய்ப்பை எடுத்துக்கொண்டன. நான்கு நிமிடம் கடந்தது. காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. முடிவில் இரண்டு மதிப்பீடுகளும் வாசிக்கப்பட்டன. முதலாமவர், ‘விவாதத்தை முழுவதும் ஆக்கிரமித்தார்’ என்று எழுதியிருந்தார். இரண்டாமவர், ‘நீண்ட நேரம் மௌனம் காத்தார்’ என்று எழுதியிருந்தார். பிறகு குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குப்பதிவு நடந்தது. தனக்குத் தானே வாக்களிப்பது விதிப்படி செல்லாது. தலைவர் இல்லாமலே குழு கலைந்தது.

இடைவேளையில் காசிவிஸ்வநாதன் கறிபாப் தட்டை நீட்டினார்.

“மனசுல வச்சிக்காதீங்க. போன தடவை ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் ஓட்டு போட்டு, சமமாப் போயி, அரை நாளு பஞ்சாயத்து. மத்தியானமே ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயிட்டாங்க.”

“நீங்க எல்லாத் தடவையும் வருவீங்களா அண்ணே?”

“எல்லாச் சனிக்கிழமையும் ஏதாச்சும் இருக்கும்மா. நாற்காலி போடணும், வர்றவங்களுக்கு எடம் காட்டணும். நான் இல்லன்னா இங்க சுசாதான், ஒண்ணும் நடக்காது” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து நின்றார்.

மூன்றாவது நிகழ்ச்சி ‘உணர்வு மேலாண்மை’. அதிகாரியின் பெயர் யுவனேஸ்வரன். வயது முப்பது இருக்கலாம். மேசைமேல் ஒரு மணிப்பொறி வைத்திருந்தார். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒங்க மதிப்பெண்ணைப் பாத்தப்ப ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

மதிப்பெண் வந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. தேர்வுக்கு முன்னாலும், அதற்கு முந்தைய வருடங்களிலும் கேட்கப்படாத கேள்வி என்று தோன்றியது. பதில் சொல்ல வாய் திறந்தாள்.  அழுகை வந்தது. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அழுதாள். காசிவிஸ்வநாதன் எழுந்துபோய், அலமாரியின் மூன்றாவது அடுக்கிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யுவனேஸ்வரன் மணிப்பொறியைப் பார்த்தார்.

“குட். பொதுவா இது இருபதாவது நிமிஷத்துலதான் வரும். நீங்க ஆறாவது நிமிஷத்துலயே வந்துட்டீங்க. மீதி நேரத்துல நீங்க விரும்பினா திரும்ப அழலாம்.”

சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும், கேட்டாரே என்ற நன்றி போகவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

மதியம் விமலா முடிவுப் படிவத்தைக் கொடுத்தார். அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஐந்து வழிகள் அச்சிடப்பட்டிருந்தன. ஆறு மாதத்தில் மறுபடி தேர்வு எழுதலாம். அதற்கான ஆயத்த வகுப்பில் சேரலாம். ஆயத்த வகுப்புக்கும் ஒரு நுழைவுத் தேர்வு இருந்ததால், அதற்கான முன்னாயத்த வகுப்பில் சேரலாம். மூத்த ஆர்வலராகப் பதிந்துகொள்ளலாம். கடைசியாக, இன்னும் முடிவெடுக்கவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வரலாம்.

“மேடம், இதுல வேணாம்னு ஒண்ணு இல்லையா?”

“வேணாம்கறது ஒரு முடிவு இல்ல, தலைவரே. அது ஒரு உணர்வு. அதை நீங்க காலையில உணர்வுப் பிரிவுலேயே சொல்லியிருக்கணும்.”

அஸ்ஃபியா பேனாவைத் திறந்தாள். அடுத்த சனிக்கிழமை என்பதற்கு எதிரே இருந்த கட்டத்தின்மேல் அது போய் நின்றது. அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வேறு வேலை இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் இல்லை. இங்கே வந்தால் யாராவது ஒருவர், தாளைப் பார்த்தாவது, எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். குறி போடுவதற்குள் நிறைவு விழாவுக்கு அழைத்துவிட்டார்கள்.

சிந்தனை அரங்கத்தில் இருநூறு நாற்காலிகள் போட்டிருந்தன. அஸ்ஃபியா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு வரிசைகளும் பிரமுகர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பிரமுகர்கள் வரவில்லை. பள்ளி முதல்வர் டாக்டர் சதாசிவம் மேடையேறி, கூட்டம் அடங்கட்டும் என்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்தார்.

“அன்புத் தலைவர்களே! நீங்கள் இல்லாமல் இந்தப் பள்ளி இல்லை. இதை நான் பணிவோடு சொல்கிறேன். வருடத்துக்கு நாற்பது பேரைச் சேர்த்துக்கொள்கிறோம். நாலாயிரம் பேர் வெளியே நிற்கிறார்கள். அந்த நாலாயிரம் பேர் நிற்பதால்தான் உள்ளே இருக்கும் நாற்பது பேருக்குத் தாங்கள் உள்ளே இருப்பது தெரிகிறது. உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அது முக்கியமா? கதவு எவ்வளவு குறுகல் என்பதை வைத்துத்தான் உலகம் வீட்டை மதிக்கிறது. ஆகவே நாங்கள் யாரையும் நிராகரிப்பதில்லை. நிராகரிக்கப்பட்டவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். காத்திருப்பவர் நம்மோடு இருப்பார். காத்திருங்கள். சிறப்பாகக் காத்திருங்கள்!”

அஸ்ஃபியா கைதட்டினாள். இருநூறு நாற்காலிக்கு நடுவில் ஒரு ஜோடிக் கை தட்டுவது முட்டை உடைப்பதுபோலக் கேட்டது.

பிறகு மூத்த ஆர்வலரின் நன்றியுரை. காசிவிஸ்வநாதன் ஒரு தாளை எடுத்தார். விமலா எழுதிக் கொடுத்தது. ‘செரி புன்சாக் எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தது’ என்று படித்தார். நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“மன்னிக்கணும். எப்பவும் இந்த ஹாலுல நாற்காலியப் பாத்துதான் பேசுவேன். இன்னைக்கு ஒரு ஆளு இருக்காங்க. ஆளுக்கு முன்னால இதப் படிக்க வாய் வரல.”

விமலா எழுந்தார். முதல்வர், விடுங்கள் என்பதுபோலக் கையை அசைத்தார்.

“நான் ஈப்போவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல கிளார்க்கு. மக ஆஸ்திரேலியாவுல இருக்கா. என் வூட்டுக்காரி சிகப்பி போயி ஆறு வருசமாச்சு. கெழமை நாள்ல ஆபீஸ் இருக்கு. ஞாயித்துக்கெழமை கோயில் இருக்கு. சனிக்கெழமை மட்டும் வூட்டுல இருக்க முடியல. அவளும் நானும் சனிக்கெழமைதான் பாசாருக்குப் போவோம். அப்பதான் பேப்பர்ல இந்தப் பள்ளிக்கூடத்து விளம்பரம் பாத்தேன். சனிக்கெழமை வாங்கன்னு போட்டிருந்துச்சு. வந்தேன்.”

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பதினோரு தடவை பரீட்சை எழுதியிருக்கேன். ஒரு தடவகூட புத்தகத்தத் தொறந்ததில்ல. பாஸாயிட்டா ரெண்டு வருசத்துல படிப்ப முடிச்சு வெளிய அனுப்பிருவாங்க. அப்பறம் சனிக்கெழமைக்கு எங்க போறது? ஏழாவது தடவை கேள்வியெல்லாம் லேசா இருந்துச்சு. அறுபது வந்திரும் போல இருந்துச்சு. பயந்துபோயி கடைசி ரெண்டு பக்கத்த எழுதாம குடுத்துட்டு வந்துட்டேன். அம்பத்தெட்டு வந்துச்சு. அன்னைக்கு நல்லாத் தூங்குனேன்.”

அவ்வளவுதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார். “இதுதான் விசுவாசம்!” என்றார். “விமலா, இதைப் பதிவு பண்ணினீங்களா? அடுத்த வருஷக் கையேட்டில் முதல் பக்கம் போடலாம். மனைவி விஷயத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கலாம்.”

அஸ்ஃபியா கைதட்டவில்லை. மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். ஐந்து கட்டங்களுக்கும் கீழே, அச்சில்லாத வெள்ளையில், ‘இனி எழுத மாட்டேன். திங்கட்கிழமை என் வேலைக்குப் போகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விமலாவிடம் கொடுத்தாள்.

“இதைச் சிஸ்டம் ஏத்துக்காது” என்றார் விமலா. “ஒரு கட்டத்துல குறி போடுற வரைக்கும் நீங்க ‘முடிவெடுக்காதவர்’ பட்டியல்ல இருப்பீங்க. கடிதம் வந்துகிட்டே இருக்கும்.”

“வரட்டும் மேடம்.”

வெளியே வராந்தாவில் காசிவிஸ்வநாதன் மீந்த கறிபாப்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஈப்போவுல ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போலாமா? காடி இருக்கு, நானே ஓட்டிட்டுப் போறேன்.”

அவர் ஒரு கணம் யோசித்தார். “இல்லம்மா. எரநூறு நாற்காலி மடக்கணும். நீங்க கெளம்புங்க, மழை வர்ற மாதிரி இருக்கு.” பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல, “இன்று வருகை தந்ததற்கு நன்றி” என்றார். அது விமலாவின் தாளில் இருந்த வாக்கியமாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அஸ்ஃபியா மகேந்திரனின் அறைக்குப் போனாள்.

“சார், முப்பத்தேழுதான் வந்துச்சு. இனிமே எழுதப் போறதில்ல. லெட்டர் கெடைக்காது.”

மகேந்திரன் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்ப யாழினிக்குத்தான் குடுக்கணும். ஆனா நீ பக்கத்துலேயே இருந்து எல்லாத்தையும் பாத்துக்க, சரியா?”

“என் வேலைய நான் பாக்குறேன் சார். மேனேஜர் வேலைய மேனேஜர் பாக்கட்டும். லோரி அட்டவணை, கப்பல் புக்கிங், துறைமுகத்துக்குப் போடற போனு, மூணும் அந்த வேலைதான். ஆறு மாசமா நான் செஞ்சேன்.”

“அவ தெரியாம நின்னா?”

“எம்.பி.ஏ. இருக்கே சார்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

புதன்கிழமை நான்கு பெட்டிகள் கப்பலைத் தவறவிட்டன. வியாழக்கிழமை யாழினியே மகேந்திரனிடம் போய், “எனக்கு இது தெரியல சார், அக்காவுக்குத்தான் தெரியும்” என்று அழுதாள். வெள்ளிக்கிழமை அஸ்ஃபியாவின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. ஏற்றுமதிப் பிரிவுக்குத் தற்காலிக மேனேஜர், இரண்டு வருடத்துக்குள் எம்.பி.ஏ. முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவள் கடைசி வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மகேந்திரன். யாழினிக்கு அவளே ஒரு நோட்டு போட்டு, முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் தெலுக் இந்தானுக்குப் போன் செய்து, தேர்வு எழுதியதையும் தேறாததையும் அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா, “எழுதப் போறப்ப சொல்லியிருந்தா துவா செஞ்சிருப்பேன்ல” என்றார். அவ்வளவுதான். வேறு எங்கும் பேச்சு போகவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. அவள் பசியாறினாள், துணி துவைத்தாள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. காடியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தெற்கே ஓட்டினாள். எங்கே போகிறோம் என்று ஈப்போ எல்லைக்கு வந்த பிறகுதான் தனக்குத் தானே ஒப்புக்கொண்டாள்.

பள்ளி வாசலில் காவலாளி பத்துமலை நோட்டைத் திறந்தார்.

“விண்ணப்பதாரரா?”

“இல்லண்ணே.”

“சாமான் கொண்டு வந்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப வெரிவுரையாளர்?”

“நான் காசிவிஸ்வநாதன் அண்ணனப் பாக்க வந்தேன்.”

பத்துமலை நோட்டை மேலும் கீழும் பார்த்தார். “ஆளப் பாக்க வர்றதுக்கு இதுல கட்டம் இல்லயே. பத்து வருசமா இங்க ஜாகாவா இருக்கேன், இப்படி யாரும் வந்ததில்ல.” ஓரத்து வெள்ளையில் பேனாவால் ஏதோ எழுதிவிட்டு, சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தார். “சார், வாசல்ல ஒங்களப் பாக்க ஒரு ஆளு வந்திருக்காங்க.”

அந்தப் பக்கத்துக் குரல் அஸ்ஃபியாவுக்கே கேட்டது.

“என்னையா?”

“ஆமா லா சார். பரீட்சைக்கெல்லாம் இல்லியாம். ஒங்களத்தான்.”

மேட்டின்மேல் அரங்கத்தின் கதவு திறந்தது. காசிவிஸ்வநாதன் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து வாசலைப் பார்த்தார். அஸ்ஃபியா கையை ஆட்டினாள். அவர் சரிவில் ஓட ஆரம்பித்தார். பாதித் தூரத்தில் நின்று, தலையைக் கையால் வாரிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மீதித் தூரத்தை நடந்து வந்தார்.